பீகாக் என்றாலே மயில்தானா? மயில் என்ற சொல்லின் பொருளும் புழக்கமும்

கேள்வி இதுதான்: சென்னையில் மொழிபெயர்ப்பு வேலை செய்யும் ஒருவர், ஆங்கிலத்தில் ‘பீகாக்’ வரும் இடமெல்லாம் ‘மயில்’ என்று போட்டால் போதுமா என்று கேட்கிறார். மயில்துத்தம், மயில் கழுத்து, மயில் கோலா என்று பறவையே இல்லாத இடங்களிலும் அந்தச் சொல் ஏன் வருகிறது என்பதும் அவருடைய சந்தேகம்.

பறவையைச் சொல்லும் இடத்தில் பெரும்பாலும் போதும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் பீகாக் என்பது ஆணுக்கு மட்டும் உரிய பெயர்; பெண் பீஹென், இரண்டுக்கும் பொதுவான பெயர் பீஃபவுல். தமிழில் மயில் என்பதே பொதுப்பெயர். ஆகவே ‘பீகாக் தோகை விரித்தது’ என்றால் ‘மயில்’ போதும். தோகையே ஆணைக் காட்டிவிடும். ‘பீகாக்குகள் சண்டையிட்டன, பீஹென்கள் மேய்ந்தன’ என்று வந்தால் ஆண்மயில், பெண்மயில் என்று பிரித்துத்தான் எழுத வேண்டும். பலர் இங்கே ‘சேவல் மயில்’ என்று எழுதிவிடுகிறார்கள். அதைத் தொல்காப்பியமே தடுத்திருக்கிறது. சிறகுள்ள எல்லாவற்றின் ஆணையும் சேவல் எனலாம், ‘மாயிருந் தூவி மயிலலங் கடையே’, அதாவது மயிலைத் தவிர, என்கிறது அதன் மரபியல் பகுதி. ஆண்மயிலுக்கு அது தரும் சொல் போத்து. குஞ்சுக்குப் பறவைகளின் பொதுச் சொற்களான பார்ப்பு, பிள்ளை இரண்டும் பொருந்தும். இன்றைய உரைநடையில் மயிற்போத்து என்று எழுதினால் வாசகர் தடுமாறுவார். ஆண்மயில் என்றே எழுதுங்கள். சேவல் மட்டும் வேண்டாம்.

இனி அந்தப் பெரிய சந்தேகம். மயில் சேர்ந்த கூட்டுச்சொற்கள் அநேகமாக முழுப் பறவையைக் குறிப்பதில்லை. பறவையின் ஏதோ ஓர் உறுப்பையோ குணத்தையோ எடுத்துக்கொண்டவை அவை: கழுத்தின் நிறம், தோகையின் விரிவு, பீலியின் இலேசு, நடையின் சாயல், குரல். எது எடுக்கப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்தால் பொருள் தானாக விளங்கும். மொழிபெயர்க்கும்போதும் அந்த உறுப்பைத்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

தோகையிலிருந்து தொடங்கலாம். தோகையை வால் என்று எழுதுவது பிழை. விரித்து ஆடும் மயிலைப் பின்பக்கமிருந்து பார்த்தால் தெரியும்: உண்மையான வால் இருபது குட்டைப் பழுப்பு இறகுகள். அவை முட்டுக்கொடுத்து நிற்க, அவற்றுக்கு மேல் முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து நீண்டு வளர்ந்த 150-க்கும் மேற்பட்ட இறகுகள்தான் தோகை. ஆடும்போது வால் இறகுகள் வினாடிக்கு ஏறத்தாழ 25 தடவை அதிர்கின்றன. தோகை முழுதும் சலசலவென்று நடுங்குகிறது, ஆனால் அதிலுள்ள கண்கள் மட்டும் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். மயில் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணிப் பேகன் தன் போர்வையைக் கொடுத்தான் என்ற செய்தி எல்லோருக்கும் தெரியும். சிறுபாணாற்றுப்படை அதைக் ‘கான மஞ்ஞைக்குக் கலிங்கம் நல்கிய’ என்று சொல்கிறது. அந்த அதிர்வை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு நடுக்கம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும் என்று புரியும்.

தோகை, பீலி, கலாபம் மூன்றும் ஒன்றல்ல. தோகை முழு விரிப்பு. பீலி ஓர் ஒற்றை இறகு. கலாபம் தோகைக்கு இன்னொரு பெயர், மகளிர் இடையணிக்கும் அதே பெயர். தோகை மயிலுக்கே ஆகுபெயராகவும் பெண்ணுக்கு உவமைப் பெயராகவும் வரும். கரும்பின் நீண்ட இலையும் தோகைதான். பீலி தென்மாவட்டங்களில் பெண்கள் கால்விரலில் அணியும் நகைக்கும் பெயர், எனவே பழைய கதைகளில் ‘பீலி’ வந்தால் முன்பின் பார்த்துவிட்டு எழுதுங்கள். ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்ற குறளில் (475) பீலி வருவது அழகுக்காக இல்லை, எடைக்காக. மயிலிறகுபோல் கனமே இல்லாத பண்டமும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். இதை ஆங்கிலத்தில் பீகாக் ஃபெதர் என்று மட்டும் போட்டால் படிப்பவர் மனத்தில் பளபளப்புதான் வரும், இலேசு வராது. ஒரு சொல் கூட்டி எடையைக் காட்ட வேண்டும்.

சொற்புணர்ச்சியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மயில் + இறகு மயிலிறகு. வல்லினம் வந்தால் ல் திரியும்: மயிற்பீலி, மயிற்கண், மயிற்றோகை. இன்றைய எழுத்தில் ‘மயில் தோகை’ என்று பிரித்து எழுதுவது தவறில்லை. ஒரே கட்டுரையில் ஒரு பத்தியில் மயிற்றோகையும் அடுத்ததில் மயில் தோகையும் வருவதுதான் கண்ணை உறுத்தும். மஞ்ஞை சங்க இலக்கியத்தில் மிகுதியாக வரும் பெயர். சிகி, சிகண்டி இரண்டும் குடுமி உடையது என்ற பொருளில் வடமொழி வழி வந்தவை. சிகி நெருப்புக்கும் பெயர். மயூரம் என்ற வடசொல்லே திராவிட மொழிகளிலிருந்து சென்றது என்று கருதும் அறிஞர்கள் பலர். மலையாளத்திலும் மயில், கன்னடத்தில் நவிலு, தெலுங்கில் நெமலி. எபிரேய வேதத்தில் சாலொமோனுக்குக் கப்பலில் வந்த பொருள்களில் ‘துக்கி’ என்று ஒன்று உண்டு. அது தோகை என்ற தமிழ்ச்சொல்தான் என்பது கால்டுவெல் தொட்டுப் பலர் சொல்லிவரும் கருத்து. பறவையின் பெயர் போகாமல் உறுப்பின் பெயர் கடல் கடந்து போயிருக்கிறது பாருங்கள்.

பிணிமுகம் என்ற பெயரை மட்டும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். முருகனின் ஊர்தியைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்கு மயில் என்றும் யானை என்றும் இரு பொருள் உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் திருத்தணிக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள், சந்நிதிக்கு எதிரே மயிலுக்குப் பதில் யானை இருக்கும். சுவாமிமலையிலும் அப்படியே. பிணிமுகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பீகாக் என்று மாற்றிவிடக் கூடாது.

குரல். குயில் கூவும், காகம் கரையும், ஆந்தை அலறும், மயில் அகவும். ‘மயில் கூவியது’ என்று எழுதுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. எனக்கு அது ஒப்பாது, ஏனென்றால் அகவு என்ற வினை மிகப் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. அகவுதல் என்றால் உரக்க அழைத்தல். குறி சொல்லும் கட்டுவிச்சியைக் குறுந்தொகை ‘அகவன் மகளே’ என்று விளிக்கிறது. ‘அகவல் என்பது ஆசிரியம்மே’ என்று தொல்காப்பியம் ஆசிரியப்பாவின் ஓசைக்கே அந்தப் பெயரைத் தருகிறது; விநாயகர் அகவல் என்ற தலைப்பில் இருப்பதும் அதுதான். மயிலின் குரல் இனிமையானது இல்லை. பூனை கத்துவதுபோல் இழுத்து, தொலைவுக்குக் கேட்கும்படி வரும் கூப்பாடு. அழைத்தல் என்ற பொருள் அதனால்தான் அதற்கு அவ்வளவு பொருத்தம். வடமொழி இசை நூல்கள் ஷட்ஜத்தை, அதாவது ‘ச’ என்ற முதல் சுரத்தை, மயிலின் குரலோடு இணைப்பதும் நினைவில் இருக்கட்டும். டிசம்பர் கச்சேரி விமர்சனங்களை மொழிபெயர்ப்பவர்களுக்கு இது எதிர்ப்படும்.

சாயல்தான் தமிழ் மயிலின் உயிர். மொழிபெயர்ப்பில் மிகுதியாகச் சறுக்கும் இடமும் இதுவே. ஆங்கிலத்தில் பீகாக் என்றால் பகட்டு, தற்பெருமை. ஒருவர் பீகாக் போல நடந்தார் என்றால் அது குற்றச்சாட்டு. தமிழில் மயில்போல் நடந்தாள் என்றால் பாராட்டு. ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ’ (குறள் 1081) என்று தலைவன் மயங்கும்போது அவள் பகட்டுக்காரி என்று சொல்லவில்லை. அதனால் ஆங்கிலத்தின் பீகாக்கைப் பெருமைக்காரனுக்கு உவமையாகக் கண்டால் மயிலை எழுதாதீர்கள். ‘தலைகால் புரியாமல் ஆடினான்’, ‘மிடுக்கு காட்டினான்’ என்று இடத்துக்கு ஏற்பச் சொல்லிவிட்டுப் பறவையை விட்டுவிடுங்கள். மயில் ஆடுவதைப் பார்த்து வான்கோழி ஆடியதாக வரும் மூதுரை வெண்பாவிலும் பழி வான்கோழிக்குத்தான். மயில் அங்கே உண்மையான கல்வி.

அந்தப் பாட்டின் தொடக்கத்திலுள்ள ‘கான மயில்’ காட்டு மயில் என்ற பொருளில் வருவது. இடைவெளியின்றிக் ‘கானமயில்’ என்று இன்றைய பறவை நூல்களில் வந்தால் அது மயிலே இல்லை. ஆங்கிலத்தில் கிரேட் இந்தியன் பஸ்டர்ட் எனப்படும், புல்வெளியில் வாழும் உயரமான பறவை. அழிவின் விளிம்பில் இருக்கிறது. மிஞ்சியவற்றில் பெரும்பகுதி ராஜஸ்தானில். ஒரே ஓர் இடைவெளி ஓர் இனத்தையே மாற்றிவிடுகிறது. செய்தி மொழிபெயர்ப்பில் இதைக் கோட்டைவிட்டால், இந்தியாவின் தேசியப் பறவை அழியப்போகிறது என்று தலைப்பு வந்துவிடும்.

கழுத்து நிறத்துக்கு வருவோம். தியாகராய நகர்ப் பட்டுக்கடையில் ‘மயில் கழுத்து’ என்று கேட்டால் ஒரு நிறத்தைக் கேட்கவில்லை, இரண்டு நிறம் சேர்ந்த நெசவைக் கேட்கிறீர்கள். பாவு (நெடுக்கு நூல்) நீலம், ஊடை (குறுக்கு நூல்) பச்சை, அல்லது மாற்றி. துணியைச் சாய்க்கச் சாய்க்க ஒன்று மேலெழும், மற்றது அடங்கும். சோதிப்பது எளிது. முந்தானைப் பக்கம் பார்க்காதீர்கள். அங்கே பாவு நிறமே மாற்றி இணைத்திருக்கக்கூடும். உள்ளே செருகும் முனையில் நெடுக்கு நூல் ஒன்று, குறுக்கு நூல் ஒன்று மெதுவாகப் பிரித்து வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு நிறமாக இருந்தால் மயில் கழுத்து. ஒரே நிறமாக இருந்தால் அது மயில் நீலம் அல்லது மயில் பச்சை மட்டுமே. ஆங்கில விளம்பரத்தில் ‘பீகாக் புளூ’ என்று வந்தால் மயில் நீலம் என்று எழுதுங்கள். மயில் கழுத்து என்று எழுதினால் வாங்கியவர் சண்டைக்கு வருவார், அவர் பக்கம் நியாயமும் இருக்கும். காஞ்சிப் பட்டில் மயில் சக்கரம், மயில் கண் என்பவை நிறமல்ல, உருவ வேலைப்பாடு.

பறவையின் கழுத்திலும் நடப்பது கிட்டத்தட்ட நெசவுக்காரர் செய்யும் வேலையே. இறகில் நீலச் சாயம் கிடையாது. மெலனின் என்ற கரும்பழுப்பு நிறமியின் நுண் குச்சிகள் அடுக்கியிருக்கும் இடைவெளிக்கு ஏற்ப ஒளி சிதறி நீலமும் பச்சையும் தெரிகின்றன. இறகை அரைத்தால் மிஞ்சுவது பழுப்புத் தூள். வண்டலூர் உயிரியல் பூங்காவில் குழந்தைகள் வியந்து பார்க்கும் வெண்மயிலுக்கு இறகில் அந்த நிறமி இல்லை, ஆனால் கண்ணில் நிறம் இருக்கும். அது வேறு இனமும் அன்று.

மயில்துத்தம் அந்தக் கழுத்து நிறத்துக்காகவே பெயர் பெற்றது: காப்பர் சல்பேட், படிகமாக இருக்கும்போது அடர்நீலம். வாணலியில் சூடாக்கினால் படிகத்துக்குள் இருக்கும் நீர் போய் வெளுத்துவிடும். நீர் பட்டால் மீண்டும் நீலம். இதை மயிலிலிருந்து எடுத்த மருந்து என்று நினைப்பவர்கள் உண்டு. நஞ்சு, வாயில் வைக்கவே கூடாது. நாட்டு மருந்துக் கடையில் இதற்கு துருசு என்றும் பெயர். பால்துத்தம் வேறு, அது ஜிங்க் சல்பேட், வெள்ளையாக இருக்கும்.

மாடித்தோட்டக் குறிப்புகளில் ‘போர்டோ கலவை’ என்ற பூஞ்சைக்கொல்லியில் மயில்துத்தம் அடிக்கடி வருவதால், மொழிபெயர்ப்பில் அளவு பிசகாதபடி சொல்லிவிடுகிறேன். ஒரு சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். மாடிக்கு 10 கிராம், 10 கிராம், 1 லிட்டர். துத்தத்தை அரை லிட்டரில் தனியாகவும், சுண்ணாம்பை அரை லிட்டரில் தனியாகவும் பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, சுண்ணாம்பு ஆறி வடிகட்டிய பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கிளறிக்கொண்டே ஊற்ற வேண்டும். இரும்பு வாளி ஆகாது. கரைசலிலிருக்கும் செம்பு இரும்பில் படிந்து கலவை கெடும். அதே குணத்தைச் சோதனைக்கும் பயன்படுத்தலாம். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை; இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புக் கரைசல் சேர்த்து மறுபடி பாருங்கள். இந்தச் சோதனையில்லாமல் தெளித்தால் இலை கருகும். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் வீழ்படிவாகத் தங்கி இலையில் ஒட்டாது.

காசிமேட்டில் மயில் கோலா என்று விற்கும் மீன் விரிந்த தோகையை எடுத்துக்கொண்டது: முதுகில் பாய்மரம்போல் எழும் பெரிய துடுப்பு. ஆங்கிலத்தில் செயில்ஃபிஷ், அவர்கள் பாயைப் பார்த்தார்கள், நம்மவர்கள் தோகையைப் பார்த்தார்கள். இதைப் பீகாக் ஃபிஷ் என்று மொழிபெயர்த்தால் வேறு மீனாகிவிடும். மயிற்கொன்றை வீட்டு வாசல்களில் வளரும் சிவப்பும் மஞ்சளுமான பூச்செடி, மயில் மாணிக்கம் ஊசி இலைக் கொடி. மயிலாசனம் இரண்டு: கைகளை ஊன்றி உடலைக் கிடையாக நிறுத்தும் யோக நிலை ஒன்று, ஷாஜகான் 1635-இல் அமர்ந்து, நாதிர் ஷா 1739-இல் தூக்கிச் சென்ற அரியணை மற்றொன்று. குழப்பம் வராமலிருக்க யோகத்துக்கு மயூராசனம், அரியணைக்கு மயில் சிம்மாசனம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஊர்ப்பெயரில் சென்னைக்காரர்கள் நெருக்கமாகப் பார்க்க வேண்டியது மயிலாப்பூர். உமை மயில் வடிவில் புன்னை மரத்தடியில் இறைவனைப் பூசித்தாள் என்பது கபாலீசுவரர் கோயில் தலபுராணம். புன்னை இன்றும் தலமரம். சம்பந்தர் ‘மட்டிட்ட புன்னையங் கானல் மடமயிலை’ என்று பாடுவதால் மயிலை என்ற மரூஉ 7-ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியிருக்கிறது. பறக்கும் ரயில் நிலையத்துக்குத் திருமயிலை என்று பெயர் வைத்தது அந்த வழியில் வந்தது. ஆங்கில எழுத்தைப் பார்த்துத் திரும்பத் தமிழாக்கி ‘மைலாப்பூர்’ என்று எழுதும்போது ஒலி அவ்வளவாக மாறுவதில்லை, ஆனால் பெயரில் இருந்த மயில் போய்விடுகிறது. தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். மயிலாடுதுறைக்கும் இது நடந்தது: மாயூரம் மாயவரமாகி, மயில் மறைந்து மாயம் மட்டும் மிஞ்சியிருந்தது, 1982-இல் மயிலாடுதுறை என்று மாற்றிய பிறகுதான் மயில் திரும்பிவந்தது. ‘ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா’ என்ற பழமொழியை மொழிபெயர்க்கும்போது இது பறவையல்ல, ஊர் என்பதை மறக்க வேண்டாம்.

‘மயிலே மயிலே இறகு போடு என்றால் போடுமா’ என்பதற்குக் கெஞ்சினால் காரியம் ஆகாது என்று பொருள். இதில் பறவையின் இயல்பும் இருக்கிறது. ஆண்மயில் ஆண்டுக்கு ஒருமுறை, இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் தோகையைத் தானாக உதிர்க்கும். வேறு எப்போது கேட்டாலும் போடாது. காவடிக்கும் கடைக்கும் வரவேண்டியது இப்படி உதிர்ந்த பீலிதான். மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் கொல்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இயல்பாக உதிர்ந்த தோகை இறகை நாட்டுக்குள் விற்கச் சட்டம் விலக்குத் தருகிறது, வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதியில்லை. பாரிமுனைப் பக்கம் கட்டுக் கட்டாக வாங்குபவர்கள் தண்டின் அடிமுனையைப் பாருங்கள். தானாக உதிர்ந்தது உலர்ந்து, வெளுத்து, முழு முனையோடு இருக்கும். முனையில் கறுத்த இரத்தக்கறையோ சதைத் துணுக்கோ இருந்தால், அல்லது எல்லா இறகும் ஒரே அளவில் அடிவெட்டப்பட்டிருந்தால், வாங்காதீர்கள். மயில் எண்ணெய் என்று சாலையோரத்தில் விற்கும் சீசாக்களில் உண்மையிலேயே மயில் இருந்தால் அது கொன்று எடுத்த கொழுப்பு. இல்லையென்றால் வேறு ஏதோ எண்ணெய். ‘பீகாக் ஆயில்’ என்று குறிப்பு வந்தால் மொழிபெயர்த்துவிட்டு, விற்பனை சட்டவிரோதம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிப் பதிப்பாசிரியரிடம் கேளுங்கள்.

பாடப்புத்தகத்துக்குள் வைத்த மயிலிறகு குட்டி போடும் என்று பிள்ளைகள் சொல்வதற்கும் ஒரு விளக்கம் உண்டு. தண்டிலிருந்து பக்க இழைகள் காய்ந்து கழன்று தாளோடு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வோர் இழையும் தனியாகப் பார்க்கும்போது சின்ன இறகுபோலவே இருக்கும், பச்சைப் பளபளப்போடு. ‘குட்டி’ என்பது அதுதான். ஆங்கிலத்தில் எழுதும்போது பேபி என்று போடுங்கள், சிக் என்று போட வேண்டாம். பிள்ளைகள் எதிர்பார்ப்பது மயில் குஞ்சை அல்ல, இன்னொரு இறகை.